முன் அச்சுக்குப் போகவேண்டிய பாரம்: வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் பொருத்துவது எப்படி

அமெரிக்காவிலும் கனடாவிலும் டிராவல் ட்ரெய்லர், அதாவது ட்ரக்கின் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் வீட்டுவண்டி, வாங்கினால், பெரும்பாலும் விற்பனை நிலையத்திலேயே ஒரு வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சை, அதாவது பாரம் பகிரும் இணைப்பை, பொருத்திக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் அளந்து பொருத்தியது காலி ட்ரெய்லருக்கு. தண்ணீர், பாத்திரம், படுக்கை, சைக்கிள், நாற்காலி, குடும்பம் எல்லாம் ஏறிய பிறகு அந்த அளவு பொருந்தாது. ஆகவே சரிபார்க்கும் வேலை ட்ரெய்லர் வைத்திருப்பவருடையது. ஓர் அளவு நாடா, முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச், சமதளமான ஓர் இடம், அரை நாள் பொழுது இருந்தால் போதும், யாரும் செய்யலாம்.

முதலில் அந்த ஹிட்ச் எதற்கு என்று பார்ப்போம். ட்ரெய்லரின் மூக்கு ட்ரக்கின் பின்னால் இருக்கும் ஹிட்ச் பந்தின்மேல் உட்கார்ந்து கீழ்நோக்கி அழுத்துகிறது. இந்த அழுத்தத்துக்கு டங் வெயிட் என்று பெயர். டிராவல் ட்ரெய்லரில் இது சாமான் ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கவேண்டும். 6,500 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 650 முதல் 975 பவுண்டு வரை. இந்தப் பாரம் ட்ரக்கின் பின் அச்சுக்கு நேர் மேலே இறங்குவதில்லை, அதற்கும் பின்னால், ஐந்தடிக்கு மேல் தள்ளி இறங்குகிறது. மாட்டுவண்டியில் பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே எழும்புமே, அதேதான் இங்கும் நடக்கிறது. பின் அச்சு தாங்குபுள்ளியாகி, ட்ரக்கின் முன்பக்கம் எழும்புகிறது.

கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். ட்ரக்கின் இரு அச்சுகளுக்கு இடையே 145 அங்குலம், பின் அச்சிலிருந்து பந்து 65 அங்குலம் பின்னால், டங் வெயிட் 800 பவுண்டு என்று வையுங்கள். 800-ஐ 65-ஆல் பெருக்கி 145-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 360. அவ்வளவு பவுண்டு முன் அச்சைவிட்டுப் போய்விடுகிறது. பின் அச்சின்மேல் 800 மட்டுமல்ல, இந்த 360-ம் சேர்ந்து 1,160 பவுண்டு ஏறுகிறது. வண்டியைத் திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு உழைப்பதும் முன்சக்கரங்கள். அவற்றின் பிடி குறைந்தால் ஸ்டீயரிங் லேசாகிவிடும். வளைவில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். முகப்பு விளக்கு எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். மழைநாளில் இதன் ஆபத்து இன்னும் கூடும்.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சில் இரண்டு ஸ்பிரிங் பார்கள், அதாவது வளைந்துகொடுக்கும் எஃகுத் தண்டுகள், உண்டு. இவை பந்தின் கீழிருக்கும் தலைப்பகுதியில் செருகப்பட்டு, ட்ரெய்லரின் ஏ வடிவ முன்சட்டத்துக்கு இணையாகப் பின்னோக்கி நீளும். அவற்றின் பின்முனையைச் சங்கிலியாலோ எல் வடிவத் தாங்கியாலோ மேல்நோக்கி இழுத்து மாட்டுகிறோம். வளைந்த எஃகு நிமிரப் பார்க்கிறது. அந்த விசை ஹிட்ச்சின் தலையை முறுக்கி, ட்ரக்கின் மூக்கைக் கீழே அழுத்துகிறது. பின் அச்சிலிருந்து கொஞ்சம் பாரம் எடுபட்டு ஒரு பகுதி முன் அச்சுக்கும், இன்னொரு பகுதி ட்ரெய்லர் அச்சுகளுக்கும் போகிறது. நம் கணக்கில் முன் அச்சு இழந்ததில் பாதியை, அதாவது 180 பவுண்டை, திருப்பித் தந்தால் ட்ரெய்லர் அச்சுகளுக்கு 120 பவுண்டு போல ஏறும். பின் அச்சில் சுமார் 300 பவுண்டு குறையும்.

இங்கே புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ட்ரக்கின் பின்பக்கம் தாழ்ந்திருப்பது கண்ணில் படும், முன்பக்கம் எழும்பியிருப்பது படாது. அதனால் பின்பக்கத்தைத் தூக்கினால் சரியாகிவிடும் என்று பின் சஸ்பென்ஷனில் வைக்கும் காற்றுப் பையான ஏர் பேக்கை வாங்கிப் போடுகிறார்கள். ஏர் பேக் பின்பக்கத்தை உயர்த்தும், வண்டி மட்டமாகவும் தெரியும். ஆனால் முன் அச்சிலிருந்து போன 360 பவுண்டில் ஒரு பவுண்டுகூடத் திரும்பி வராது. இந்த ஹிட்ச்சின் வேலை வண்டியை மட்டமாகக் காட்டுவதல்ல, முன் அச்சுக்குப் பாரத்தைத் திருப்பித் தருவது. பொருத்தும்போது எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் இதுதான் அளவுகோல்.

வாங்குவதற்கு முன்

ட்ரக்கின் பின்னால் ஹிட்ச்சைச் செருகும் சதுரக் குழாயான ரிசீவரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். பெரும்பாலும் அதில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும்: பாரம் பகிரும் ஹிட்ச் இல்லாமல் எவ்வளவு, அதோடு எவ்வளவு. அரை டன் என்ற வகையைச் சேர்ந்த சிறிய பிக்கப் ட்ரக்குகள் பலவற்றில் சாதாரண ஹிட்ச்சுக்கு 5,000 பவுண்டு ட்ரெய்லரும் 500 பவுண்டு டங் வெயிட்டும்தான் வரம்பு. அதற்கு மேல் போனால் பாரம் பகிரும் ஹிட்ச் கட்டாயம். மறுபுறம், தனிச் சட்டமில்லாமல் உடலே சட்டமாக இருக்கும் சில யூனிபாடி எஸ்யூவிகளின் கையேடு இந்த ஹிட்ச்சே கூடாது என்று சொல்கிறது. ஆகவே கையேட்டைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில், ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்லும் சீட்டு இருக்கும். டங் வெயிட்டும் ஹிட்ச்சின் சொந்த எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஹிட்ச் மட்டுமே 75 முதல் 100 பவுண்டு வரை வரும். பாரம் பகிரும் ஹிட்ச் போட்டுவிட்டதால் ட்ரக்கின் தாங்கும் திறன் கூடிவிட்டது என்று நினைப்பது தவறு. எந்த வரம்பும் உயராது.

ஸ்பிரிங் பார்கள் 600, 800, 1,000, 1,200 பவுண்டு என்று பல திறன்களில் விற்கின்றன. விளம்பரத் தாளில் இருக்கும் டங் வெயிட்டை வைத்து வாங்காதீர்கள். அது காலி ட்ரெய்லரின் எடை. பேட்டரியும் நிரம்பிய கேஸ் சிலிண்டர்களும் அதில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அவை இரண்டும் மூக்கின்மேலேயே உட்காருபவை. 20 பவுண்டு கேஸ் கொள்ளும் சிலிண்டர் ஒன்று நிரம்பினால் 37 பவுண்டு போல இருக்கும். உண்மையான டங் வெயிட்டோடு, ட்ரக்கில் பின் அச்சுக்குப் பின்னால் ஏற்றும் சாமானின் எடையையும் கூட்டி, அதற்குச் சற்று மேலான பாரை எடுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மிகப் பெரியதை வாங்குவதும் நல்லதல்ல. தேவைக்கு மீறிய விறைப்பான பார் வளையாது. சாலைக் குலுக்கல் அப்படியே ட்ரெய்லரின் முன்சட்டத்தில் இறங்கும்.

டங் வெயிட்டை வீட்டிலேயே அளக்கலாம். அதற்கென்று விற்கும் சிறிய எடைக்கருவி உண்டு. அது இல்லாவிட்டால் குளியலறை எடைக்கருவி போதும். உறுதியான ஒரு மரச்சட்டத்தின் ஒரு முனையைக் கட்டையின்மேலும் மறுமுனையை எடைக்கருவியின்மேலும் வையுங்கள். ட்ரெய்லர் ஜாக்கி அழுத்தும் புள்ளி கட்டையிலிருந்து 1 அடி, கருவியிலிருந்து 2 அடி தூரத்தில் இருக்கட்டும். கருவி காட்டும் எண்ணை மூன்றால் பெருக்கினால் டங் வெயிட். 800 பவுண்டுக்கு மேல் வரும் என்று தோன்றினால் கருவிப் பக்கத்தின் தூரத்தை 3 அடியாக்கி நான்கால் பெருக்குங்கள். பந்தைக் கவ்விப் பூட்டும் மூக்குமுனையான கப்ளருக்குச் சற்றுப் பின்னால் ஜாக்கி இருப்பதால் உண்மை எண் இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், பார் வாங்க இந்தத் துல்லியம் போதும். அளக்கும்போது ட்ரெய்லர் மட்டமாக இருக்கவேண்டும், சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை வைத்திருக்கவேண்டும்.

பந்தின் உயரம்

இனி பொருத்தும் வேலை. பயணம் போகும்போது எப்படி இருக்குமோ அப்படியே ட்ரெய்லரையும் ட்ரக்கையும் நிரப்புங்கள். எரிபொருள், தண்ணீர் எல்லாம் சேர்த்துத்தான். 40 கேலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டு. தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் டங் வெயிட் கூடும், பின்னால் இருந்தால் குறையும். டயர்களில் சரியான காற்று இருக்கட்டும். ட்ரக்கில் தானே மட்டமாக்கிக்கொள்ளும் ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், பொருத்தும்போது அதை என்ன செய்யவேண்டும் என்று கையேடு சொல்லும். அது தன் போக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் எடுக்கும் எந்த அளவும் பொய்யாகிவிடும்.

ட்ரெய்லரைத் தனியே நிறுத்தி, சட்டத்தின் முன்முனையும் பின்முனையும் தரையிலிருந்து ஒரே உயரத்துக்கு வரும்வரை ஜாக்கியைத் திருப்புங்கள். இப்போது கப்ளரின் உட்பக்க மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பந்தின் உச்சி இதைவிடச் சுமார் 1 அங்குலம் உயரமாக இருக்கவேண்டும். பாரம் ஏறியதும் ட்ரக் கொஞ்சம் தாழும் என்பதற்காகவே இந்த ஓர் அங்குலம். எவ்வளவு கூட்டவேண்டும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், உங்கள் ஹிட்ச்சின் தாளில் இருக்கும் எண்ணையே எடுங்கள். ரிசீவருக்குள் செருகும் எல் வடிவத் தண்டான ஷேங்க்கில் வரிசையாகத் துளைகள் இருக்கும். தலைப்பகுதியை மேலோ கீழோ நகர்த்தி உயரத்தைச் சரிசெய்யலாம். போதாவிட்டால் ஷேங்க்கையே தலைகீழாகத் திருப்பிப் போடலாம்.

பந்தின் அளவும் கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். டிராவல் ட்ரெய்லர்களில் பெரும்பாலும் 2 5/16 அங்குலம், சிறியவற்றில் 2 அங்குலம். பெரிய கப்ளர் சின்னப் பந்தின்மேலும் உட்காரும், பூட்டும் விழும், பிறகு முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். பந்தின் நட்டை முறுக்குவதும் சாதாரண ஸ்பானர் வேலை இல்லை. 1 1/4 அங்குலத் தண்டுள்ள பந்துக்கு 450 அடி-பவுண்டு வரை முறுக்கவேண்டியிருக்கும். வீட்டில் இருக்கும் டார்க் ரெஞ்ச் பெரும்பாலும் 150 அல்லது 250-இல் நின்றுவிடும். லாரி டயர் கடையில் கேட்டால் செய்து தருவார்கள்.

முன் ஃபெண்டரில் மூன்று அளவுகள்

மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அளப்பது முன்சக்கரத்துக்கு மேலே ஃபெண்டர் எனப்படும் தகட்டு வளைவின் உச்சிக்கும் தரைக்கும் உள்ள உயரம், சக்கரத்தின் நடுவழியாக. அளக்கும் இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள், மூன்று முறையும் அதே புள்ளியில் அளக்கவேண்டும்.

ட்ரெய்லர் மாட்டாமல் ஓர் அளவு. மாட்டி, ஸ்பிரிங் பார் போடாமல் இரண்டாவது. பார்களை இழுத்து மாட்டியபின் மூன்றாவது. எடுத்துக்காட்டாக முதல் அளவு 37 அங்குலம், இரண்டாவது 38 1/4. எழும்பியது 1 1/4 அங்குலம். பாதியைத் திருப்பவேண்டும் என்றால் மூன்றாவது அளவு 37 5/8-க்கு வரவேண்டும்.

பாதியா, முழுதுமா என்பதை ட்ரக்கின் கையேடு தீர்மானிக்கும். இன்றைய பிக்கப்புகள் பலவற்றின் கையேடுகள் பாதி போதும் என்கின்றன, சில அதற்கு மேல் கேட்கின்றன. ஹிட்ச் தயாரிப்பாளரின் தாளும் ட்ரக் கையேடும் வேறு வேறாகச் சொன்னால் ட்ரக் கையேட்டைப் பின்பற்றுவதே சரி. மூன்றாவது அளவு முதல் அளவைவிடக் குறைந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் பெரும்பாலோருக்கு ஒரே பேச்சு. முன் அச்சில் அளவுக்கு மீறி ஏற்றினால் பின்சக்கரங்களின் பிடி போய்விடும். வளைவில் பிரேக் பிடிக்கும்போது ட்ரக்கின் பின்பக்கம் வழுக்கி, ட்ரெய்லரோடு மடங்கிக்கொள்ளும். கூடுதலாக இறுக்கினால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து சங்கிலியில் இன்னொரு கண்ணியை இழுத்துவிடுகிறவர்கள் இந்த ஆபத்தைத்தான் விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

அளவு போதவில்லை என்றால் இரண்டு வழிகள். ஒன்று, பின்முனையில் சங்கிலியை ஒரு கண்ணி சுருக்குவது, எல் தாங்கியாக இருந்தால் ஒரு துளை மேலே ஏற்றுவது. மற்றது, தலைப்பகுதியின் சாய்வைக் கூட்டுவது. பல மாதிரிகளில் ஒரு சிறு ஆணியில் வாஷர்களை அடுக்கிச் சாய்வை மாற்றுவார்கள். வாஷர் கூடினால் தலை பின்னோக்கிச் சாயும், பார்களின் பின்முனை தாழும், அதை இழுத்து மாட்டும்போது விசை கூடும். பார்கள் பாரத்தோடு நிற்கும்போது ட்ரெய்லர் சட்டத்துக்கு ஏறக்குறைய இணையாக இருந்தால் சாய்வு சரி. பின்முனை சட்டத்தை நோக்கி மேலே ஏறியிருந்தால் சாய்வு போதவில்லை, சங்கிலியைச் சுருக்கியே வேலையை ஒப்பேற்றியிருக்கிறீர்கள் என்று பொருள். அப்படி விட்டால் திரும்பும்போது சங்கிலிக்கு ஆடுவதற்கு நீளம் இருக்காது. மாதிரிக்குத் தகுந்தபடி குறைந்தது இத்தனை கண்ணி விடவேண்டும் என்று தாளில் போட்டிருப்பார்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு சின்னச் சுற்று ஓட்டிவிட்டு வந்து அளங்கள். நின்ற இடத்திலேயே சஸ்பென்ஷன் சிக்கிக்கொண்டு அரை அங்குலம் தப்பாகக் காட்டும். ஃபெண்டர் அளவு சரியானபின் ட்ரெய்லரைப் பாருங்கள். மட்டமாகவோ, மூக்கு மிகக் கொஞ்சம் தாழ்ந்தோ இருக்கலாம், மேலே தூக்கி நிற்கக் கூடாது. தூக்கி நின்றால் பந்தை ஒரு துளை இறக்கி, மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள்.

பார்களை மாட்டும்போதும் கழற்றும்போதும்

கைகால் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கப்ளரைப் பந்தின்மேல் இறக்கிப் பூட்டி, பூட்டுக்குரிய ஊசியையும் செருகியபின், ட்ரெய்லர் ஜாக்கியைக் கொண்டே ட்ரக்கின் பின்பக்கத்தையும் சேர்த்து மேலே தூக்குங்கள். சில அங்குலம் எழும்பியதும் பார்களின் முனை கைக்கு எளிதாக வரும். அப்போது மாட்டிவிட்டு ஜாக்கியை இறக்கினால் பாரம் தானாக ஏறிக்கொள்ளும். தூக்காமல் நெம்புகோலால் பலத்தைக் காட்டினால், வளைந்திருக்கும் எஃகு நெம்புகோலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கழற்றும்போதும் அதே முறை: முதலில் ஜாக்கியால் தூக்கி இழுவிசையைத் தளர்த்துங்கள். முகமும் தலையும் நெம்புகோலின் பாதையில் இல்லாமல் ஒதுங்கி நில்லுங்கள்.

பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்காகப் போடவேண்டும். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அவை தாங்கும். ட்ரெய்லர் கழன்றுபோனால் அதன் அவசர பிரேக்கை இழுக்கும் மெல்லிய கம்பியை அந்தச் சங்கிலியில் மாட்டாதீர்கள், ட்ரக்கில் தனியான ஓர் இடத்தில் மாட்டுங்கள்.

எடைமேடையில் உறுதி செய்வது

ஃபெண்டர் அளவு நல்ல வழிகாட்டி, முடிவான சான்று எடைமேடைதான். அமெரிக்கா, கனடா நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் இடங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சுகள் மூன்றும் தனித்தனிப் பலகையில் நிற்கும்படி ஓட்டிப்போய் நிறுத்தவேண்டும். பார்களோடு ஒருமுறை, பார்களைத் தளர்த்தி ஒருமுறை, ட்ரெய்லரைக் கழற்றிவைத்துவிட்டு ட்ரக் மட்டும் ஒருமுறை. வண்டியில் இருப்பவர்கள் மூன்று முறையும் அதே ஆட்களாக இருக்கட்டும்.

நம் எடுத்துக்காட்டு ட்ரக் தனியாக முன் அச்சில் 3,200, பின் அச்சில் 2,600 காட்டுகிறது என்று வையுங்கள். பார் இல்லாமல் மாட்டினால் 2,840, 3,760, ட்ரெய்லர் 5,700. பார்களோடு 3,020, 3,460, 5,820. பார் இல்லாதபோது ட்ரக்கின் இரு அச்சுகளும் சேர்ந்து 6,600, தனியாக 5,800. வித்தியாசமான 800-தான் டங் வெயிட். முன் அச்சு இழந்தது 360, திரும்பியது 180, அதாவது சரிபாதி. பின் அச்சின் வரம்பு 3,800 என்றால் பார் இல்லாமல் விளிம்பில் நின்றது, இப்போது 340 பவுண்டு இடம் இருக்கிறது.

ட்ரெய்லர் வாலாட்டினால்

ஸ்வே எனப்படும் பக்கவாட்டு ஆட்டம் தனி விஷயம். பாரம் பகிர்வதும் ஆட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் ஒரே ஹிட்ச்சில் சேர்ந்து வருவதுண்டு. ஈக்வலைசர், புளூ ஆக்ஸ் போன்ற தயாரிப்புகளில் ஆட்டத்தடுப்பும் உள்ளேயே இருக்கிறது. பழைய பாணிச் சங்கிலி ஹிட்ச்களில் பக்கத்தில் ஓர் உராய்வுத் தண்டைத் தனியாக மாட்டுவார்கள். ரிவர்ஸ் எடுக்கும்முன் அதைக் கழற்றாவிட்டால் கூர்மையான திருப்பத்தில் வளைந்துபோகும்.

ஆனால் ஆட்டத்துக்கு முதற்காரணம் டங் வெயிட் குறைவாக இருப்பது. பின்பக்க பம்பரில் சைக்கிள் மாட்டி, பின் அலமாரியில் கனமானவற்றை அடைத்து, டங் வெயிட் 8 சதவீதத்துக்குப் போய்விட்டால், எவ்வளவு விலையுயர்ந்த ஹிட்ச்சும் அதை மறைக்குமே தவிர தீர்க்காது. சாமானை முன்னுக்கு நகர்த்துங்கள். ஓடும்போது ஆட்டம் தொடங்கினால் ட்ரக்கின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் ட்ரக்கிலிருந்தே இயக்கும் கன்ட்ரோலரின் நெம்பை கையால் மெல்ல அழுத்துங்கள். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போய்ச்சேரும் அளவுக்குப் பழகிவைப்பது நல்லது.

முதல் ஐம்பது மைல் ஓடியதும் நிறுத்தி ஷேங்க் போல்ட், தாங்கி போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள், புதிய ஹிட்ச்சில் பெயின்ட் நசுங்கிக் கொஞ்சம் தளரும். செங்குத்தாக ஏறும் வீட்டு வாசல், ஆழமான வடிகால் பள்ளம் போன்றவற்றில் ட்ரக்கும் ட்ரெய்லரும் நடுவில் மடங்கிப் பள்ளமாகும்போது பார்களில் விசை தாறுமாறாக ஏறும். அப்படிப்பட்ட இடத்தில் பார்களைக் கழற்றிவிட்டு ஊர்ந்து கடப்பதே மேல். இறுதியில் அமைந்த வாஷர் எண்ணிக்கை, கண்ணி எண், மூன்று ஃபெண்டர் அளவுகள் எல்லாவற்றையும் எழுதி ட்ரக்கிலேயே வையுங்கள். அந்தக் கண்ணியில் ஒரு பொட்டுப் பெயின்டும் வைத்துவிட்டால் இருட்டில் மாட்டும்போதும் தப்பாது.